லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுத்துரு அடம்பிடித்தால்

லிப்ரே ஆபீஸின் ஆவணம் எழுதும் செயலியான ரைட்டரில் ஆங்கிலத்துக்கு வைத்த எழுத்துருவும் அளவும் தமிழுக்கு ஒட்டாது. தமிழை ரைட்டர் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ (சுருக்கமாக சிடிஎல்) என்ற தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழி அமைப்புகளில் அந்தப் பெயருள்ள பெட்டியை டிக் செய்து, தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டர் பிரிவில் ‘பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல்’ பக்கத்தில் எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 11 என்று வையுங்கள். இவ்வளவு ஆழத்தில் ஒளித்து வைத்திருப்பது எரிச்சல்தான்.

பழைய கோப்பில் மாறவில்லையா? எஃப்11 அழுத்தி, ‘டீஃபால்ட் பாராகிராஃப்’ ஸ்டைலை வலது கிளிக் செய்து, திருத்தும் சாளரத்தைத் திறந்து, ‘ஃபான்ட்’ டேப்பில் சிடிஎல் பகுதியைத் திருத்துங்கள்.

கோப்பை அனுப்புமுன் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட்டில் ‘எம்பெட் ஃபான்ட்ஸ்’ (எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்ப்பது) டிக் அவசியம். இல்லாவிட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது வேறு எழுத்துரு ஏறி, 4 பக்கக் கடிதம் 5 பக்கமாகிவிடலாம். அச்சுக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் போதும்.