ஏர் சஸ்பென்ஷன் காலிபரேஷன் வீட்டிலேயே: அளந்த எண்ணைக் கொடுங்கள், ஆசைப்பட்ட எண்ணை அல்ல

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்குகிற ஏர் சஸ்பென்ஷன் வண்டியில், உயரத்தை அளக்கிற ஹைட் சென்சாரை மாற்றிய பிறகு வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது என்றால், புது சென்சார் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த சென்சார் அனுப்புகிற வோல்டேஜ் எந்த உயரத்தைக் குறிக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலைதான் காலிபரேஷன். பொறுமையாக அளக்கத் தெரிந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

ஆனால் முதலில், உங்கள் பிரச்சினை காலிபரேஷன்தானா என்று பாருங்கள். இரவு நேராக நின்ற வண்டி காலையில் ஒரு மூலையில் படுத்துக் கிடந்தால் அது காற்றுக் கசிவு. பெல்லோவின் (காற்றுப்பையின்) மடிப்புகளிலும் குழாய் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழ் வருகிறதா பாருங்கள். சென்சாரின் கையையும் சஸ்பென்ஷன் ஆர்மையும் இணைக்கிற குட்டிக் கம்பி ஒன்று இருக்கும், அதன் முனை கழன்றோ தேய்ந்தோ இருந்தாலும் வண்டி சாயும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் காலிபரேட் செய்தால் நோயை மறைத்துவைத்த கதைதான், காற்றை அடைக்க ஓயாமல் ஓடுகிற கம்ப்ரசரும் சீக்கிரம் போய்விடும்.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று, இதில் விளையாட்டே கூடாது: காற்று மட்டும் தாங்கி நிற்கிற வண்டிக்கு அடியிலோ, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலோ தலையையும் கையையும் விடாதீர்கள். வால்வு திறந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இறங்கும். கீழே வேலை இருந்தால் ஜாக் மோடைப் (வண்டி தானாக ஏறி இறங்காமல் நிறுத்திவைக்கும் நிலை) போட்டுவிட்டு, ஸ்டாண்டில் ஏற்றிய பிறகுதான்.

கருவிகள். ஆடி, ஃபோக்ஸ்வாகன் வகையறாவுக்கு நான் விசிடிஎஸ்தான் (VCDS, லேப்டாப்பில் ஓடுகிற கோளாறு கண்டறியும் மென்பொருள்) சொல்வேன். லேண்ட் ரோவருக்கு அதே மாதிரி வேலை செய்கிற கேப் ஐஐடி டூல் (GAP IIDTool). எல்லா வண்டிக்கும் பொது என்று விற்கிற மலிவு ஸ்கேனர்கள் பலவும் கோளாறு கோடைப் படிப்பதோடு நின்றுவிடும், சஸ்பென்ஷன் கம்ப்யூட்டருக்குள் எழுதாது. மெர்சிடிஸ் ஏர்மேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது, அங்கே கணக்கு மில்லிமீட்டரில் இல்லை, சஸ்பென்ஷன் ஆர்மின் சாய்வுக் கோணத்தில். அப்புறம் பேட்டரி சார்ஜர். கம்ப்ரசர் கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் பாதியில் கைவிட்டுவிடும். சார்ஜர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

அளக்க வேண்டியது தரையிலிருந்து அல்ல. சக்கரத்தின் நட்ட நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை. அப்படி அளந்தால் டயர் தேய்ந்திருந்தாலும் காற்று கொஞ்சம் குறைந்திருந்தாலும் எண் மாறாது. மையத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் குறி போட்டுக்கொள்ளுங்கள். துணி டேப் வேண்டாம், இரும்பு ஸ்கேல்தான். மட்கார்டு சக்கரத்தைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி இருப்பதால் ஸ்கேல் சாய்ந்துவிடும், சாய்ந்தால் எண் கூடும். விளிம்பில் ஒரு மூலைமட்டத்தை வைத்து, ஸ்கேல் நெட்டுக்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதற்கு அடுத்த படி. அளக்கிறோம், மறுபடி அளந்தால் வேறு எண். ஸ்கேலில் தப்பில்லை. வண்டி ஏறி இறங்கும்போது சக்கரங்கள் லேசாகப் பக்கவாட்டிலும் முன்பின்னும் நகர வேண்டும், ஆனால் ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிறது, டயர் தரையைக் கவ்விக்கொண்டிருக்கிறது, புஷ்ஷெல்லாம் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கிற ரப்பர்கள்) முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அதனால் வண்டி தன் இயல்பான உயரத்துக்கு வராமல் நடுவிலேயே தொங்கும். இதற்கு வழி: சமதரையில் நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள், ஆனால் டயரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு. அளப்பதற்கு முன் வண்டியைக் கையால் தள்ளி அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் உருட்டுங்கள், கதவுகளை மூடுங்கள், உள்ளே யாரும் உட்காரக் கூடாது, பிறகு அளங்கள். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், அலுப்பாக இருந்தாலும்.

சரி, இப்போது லேப்டாப். விசிடிஎஸ்ஸில் 34 லெவல் கன்ட்ரோலைத் திறங்கள், அதுதான் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர். எதையும் தொடும் முன் பழைய மதிப்புகளை போட்டோ எடுத்துவையுங்கள். உங்கள் மாடலுக்கான லாகின் கோடைக் கொடுத்துவிட்டு அடாப்டேஷனுக்குள் (மதிப்புகளைப் பதிகிற பகுதி) போனால் பல மாடல்களில் சேனல் 1 முன் இடது, 2 முன் வலது, 3 பின் இடது, 4 பின் வலது, கடைசியாக 5இல் உறுதிசெய்வது. நான்கையும் முடிக்காமல் வெளியே வந்தால் நிலை கற்கப்படவில்லை என்று 01437 கோடு வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், முழுதாக முடித்தால் போய்விடும்.

இங்கே கொடுக்க வேண்டியது நீங்கள் இப்போது அளந்த எண். மேனுவலில் 400 இருக்கிறது, உங்கள் வண்டி 392இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 392 என்றே கொடுங்கள். கம்ப்யூட்டர் 8 மில்லிமீட்டர் குறைவதைப் பார்த்துக் காற்றை ஏற்றும். 400 என்று கொடுத்தால் ஏற்கெனவே சரியான உயரத்தில் இருப்பதாக நம்பி 392இலேயே நிற்கும். அதைவிடக் கூட்டிக் கொடுத்தால் வண்டி இன்னும் கீழே இறங்கும். ஸ்டைலுக்காக வண்டியைத் தாழ்த்துகிறவர்கள் செய்வது இதைத்தான். டயரின் உள்பக்கம் தேய்ந்த பிறகு அலைன்மென்ட்காரரைத் திட்டுவார்கள்.

உறுதிசெய்ததும் வண்டி தானாக ஏறி இறங்கி நிற்கும். மறுபடி உருட்டி, மறுபடி நான்கு மூலையும் அளங்கள். ஒரு மூலையை உயர்த்தினால் எதிர்மூலையும் சேர்ந்து அசையும் என்பதால் முதல் சுற்றிலேயே நான்கும் சரியாக அமையாது. நான் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தோடு விட்டுவிடுவேன், அதற்குக் கீழே துரத்துவது வீண் வேலை. கம்ப்ரசர் சூடாகி நின்றுவிட்டால் ஆறும்வரை விடுங்கள், ரிலேயைக் (அதற்கு மின்சாரம் கொடுக்கிற சுவிட்சை) கழற்றி மாட்டி அதை விரட்ட வேண்டாம்.

பின்னால் சேர்த்தது: காலிபரேஷன் முடிந்த பிறகு எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். தானியங்கி ஹெட்லைட் இதே ஹைட் சென்சார்களைத்தான் நம்பி இருக்கிறது, அதற்கும் அடிப்படை நிலையைத் தனியாகப் பதிய வேண்டும். உயரம் கணிசமாக மாறியிருந்தால் வீல் அலைன்மென்ட்டும் பாருங்கள்.

இன்னொன்று, லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் கேட்டது: சில கருவிகள் இப்போதைய உயரம், வேண்டிய உயரம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும். திரையில் எது கேட்கப்படுகிறது என்று படித்துவிட்டு எண்ணைத் தட்டுங்கள், மேலே சொன்ன 392 கணக்கு இப்போதைய உயரத்தைக் கேட்கிற கட்டத்துக்கு மட்டும்தான்.