பைலட் பேரிங் போயிருக்கிறதா? கழற்றும் முன்னும் கழற்றிய பின்னும் பார்க்க வேண்டியவை

கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது என்றதும், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை மாற்றிவிடுகிறார்கள். கியர்பாக்ஸை ஏற்றிய பிறகும் அதே சத்தம் வந்தால், பைலட் பேரிங்கை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்பிகாட் பேரிங் என்றும் இதைச் சொல்வதுண்டு. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக் குழியிலோ, அதில் பூட்டிய கனத்த சக்கரமான பிளைவீலின் நடுவிலோ உட்கார்ந்து, கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டின் மூக்கைத் தாங்குகிறது. பெடலை விட்டிருக்கும்போது கிராங்கும் ஷாஃப்டும் சேர்ந்தே சுற்றுவதால் பேரிங்குக்கு வேலை இல்லை. பெடலை மிதித்து கியர் போட்டு நிற்கும்போது ஷாஃப்ட் நின்றுவிடும், கிராங்க் சுற்றும். அப்போதுதான் பேரிங் உழைக்கிறது. எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும் வண்டிகளில் பெரும்பாலும் இது இருக்கும். முன்சக்கரங்களைச் சுழற்றும் வண்டிகள் பலவற்றில் இருக்காது, சிலவற்றில் உண்டு. பார்ட்ஸ் கேட்டலாக்கைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் காதால் சோதனை. ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஐடிலில் விடுங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. நியூட்ரலில் பெடலைத் தொடாதபோது கேட்டு, மிதித்ததும் அடங்கும் சத்தம் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங்குடையது. பெடலை லேசாக அழுத்தியதுமே சீறினால் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து முதல் கியர் போட்ட பிறகு கீச்சென்றோ கரகரவென்றோ கேட்டால் பைலட் மேல் சந்தேகம் வையுங்கள். பேரிங் இறுகியிருந்தால் சத்தமே வராமலும் போகலாம். ஷாஃப்ட் நிற்காததால் ரிவர்ஸ் கியர் கரகரக்கும். கிளட்ச் ஹைட்ராலிக்கில் காற்று புகுந்திருந்தாலும், கிளட்ச் பிளேட் கோணியிருந்தாலும் இதே குணம்தான். அதனால் பிளீடிங்கை (காற்றை வெளியேற்றுவதை) முடித்துவிட்டு கியர்பாக்ஸில் கை வையுங்கள்.

கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

சுண்டுவிரலை உள்வளையத்தில் நுழைத்து, பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே மெல்லச் சுழற்றுங்கள். அழுத்தாமல் சுற்றினால் மோசமான பேரிங்கூட நன்றாகச் சுற்றும். மணல் அரைபடுவதுபோல் தட்டுப்பட்டாலோ, ஓரிடத்தில் சிக்கி விட்டாலோ, உள்வளையம் ஆடினாலோ மாற்ற வேண்டியதுதான். சீல் ஓரத்தில் செங்காவிப் பொடி தெரிந்தால் கிரீஸ் வறண்டு துரு பிடித்திருக்கிறது. ஊசிபோல் மெல்லிய உருளைகள் கொண்ட நீடில் வகையில் அவற்றை எண்ணுங்கள். ஒன்று விழுந்திருந்தாலும் இடைவெளி தெரியும். அடுத்து ஷாஃப்ட் மூக்கைப் பாருங்கள். நகத்தை ஓட்டினால் தட்டும் பள்ளமோ, சூடேறிய நீலமோ இருந்தால் புதுப் பேரிங்கும் நீடிக்காது.

பழையதைக் கழற்றும் முன், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து பற்றி இழுக்கும் உள்பிடி புல்லர்தான் நல்லது. சிலவற்றில் பேரிங்குக்குப் பதில் மூடிய குழியில் இருக்கும் புஷ்ஷை (குண்டுகள் இல்லாத வளையம்), பின்னால் கிரீஸை அடைத்து, துளைக்குப் பொருந்தும் கம்பியால் தட்டினாலும் வெளியே வந்துவிடும். பால் பேரிங்கில் கிரீஸ் இடுக்கு வழியே பிதுங்கிவிடும்.

புதியதில் எண்ணைச் சரிபாருங்கள். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. தட்டும்போது வெளிவளையத்தில் மட்டும் படும் சாக்கெட்டை வையுங்கள். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் பாதையில் குழி போட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் சீல் இருந்தால் அது கியர்பாக்ஸ் பக்கம் பார்க்கட்டும். எண்ணெய் ஊறிய வெண்கல புஷ்ஷுக்கு கிரீஸ் வேண்டாம், நுண்துளைகள் அடைபடும். ஒரு முனையை விரலால் மூடி, உள்ளே எண்ணெய் நிரப்பி, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெளிப்பரப்பில் முத்து முத்தாகத் துளிர்த்தால் போதும்.

ஏற்றும்போது பிளேட்டை அலைன்மென்ட் டூலால் நடுப்படுத்துங்கள், கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கை நேராக உட்காரவைக்கும் டவல் பின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், கியர்பாக்ஸின் எடை ஷாஃப்டில் தொங்காமல் ஜாக்கில் தாங்குங்கள். கடைசி இடைவெளி கைத்தள்ளலில் மூட வேண்டும். மூடவில்லையென்றால் பின்னுக்கு இழுத்துத் திரும்ப நேர்ப்படுத்துங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்தால் புதுப் பேரிங் அப்போதே போய்விடும்.