மூன்று சைகையில் ஆரம்பியுங்கள்: பேச்சு வராத வயதில் குழந்தைக்குச் சைகை பழக்குவது எப்படி

எங்கள் மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் ஒரு கச்சேரி நடக்கும். அவள் அழுவாள், நான் பால் கொடுத்துப் பார்ப்பேன், அத்தை டயப்பரைப் பிரித்துப் பார்ப்பார், வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் சமையற்கட்டுக்குமாக நடப்பார், அரை மணி நேரம் கழித்து யாரோ தற்செயலாக ஃபேன் சுவிட்சைப் போட்டதும் கப்பென்று அடங்கிவிடுவாள். வியர்க்கிறது என்றெல்லாம் இல்லை. ஃபேன் சுற்றுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளிடம் அழுகையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆள்காட்டி விரலை மேலே தூக்கி ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். அதற்கப்புறம்தான் சாயங்காலங்களில் எங்களால் உட்கார்ந்து காபி குடிக்க முடிந்தது.

பேபி சைன் லாங்குவேஜ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், வகுப்புக்குப் பணம் கட்டவும் வேண்டாம். பேச்சு வருவதற்கு முந்தைய ஆறேழு மாதங்களுக்கு ஒரு பத்துச் சொல்லைக் கையால் சொல்லிக்கொள்ள ஓர் ஏற்பாடு, அவ்வளவே. நம் வீடுகளுக்கு இது புதிதும் இல்லை. டாடா காட்டுவது, சாமி கும்பிடச் சொன்னால் இரண்டு கையையும் சேர்ப்பது, 'கை வீசம்மா கை வீசு' எல்லாம் இந்த ரகம்தான். பிள்ளைத்தமிழில் குழந்தை கைகொட்டுவதற்கென்றே சப்பாணி என்று ஒரு பருவம் ஒதுக்கி, அதை ஒன்பதாம் மாதத்தில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் சைகையைத் திருப்பிக் காட்டத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே மாதத்தில்தான். புலவர்கள் வீட்டில் குழந்தையைக் கவனித்திருக்கிறார்கள் போல. என்ன, டாடா காட்டினால் நாம் சிரித்துக் கைதட்டிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். சைகை பழக்க வேண்டும் என்றால் கையைக் காட்டியதற்கு ஏதாவது நடக்க வேண்டும்: தண்ணீர் வர வேண்டும், ஃபேன் சுற்ற வேண்டும், வாய்க்கு நேராக வருகிற அடுத்த வாய் சோறு நிற்க வேண்டும்.

வாய்க்கு முன் கை எப்படி முந்துகிறது? நாக்கு, உதடு, மூச்சு, குரல் எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தால்தான் 'தண்ணி' என்று ஒரு சொல் வரும். கட்டை விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோக அத்தனை பாடு இல்லை. பிறந்ததிலிருந்தே சைகை மொழியைப் பார்த்து வளரும் காது கேளாத குழந்தைகள், மற்ற குழந்தைகள் வாயால் மழலை பேசும் வயதில் கையால் மழலை பேசுகிறார்கள் என்று லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் 1991-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். காது கேட்கும் குழந்தைகளிடம் இதைப் பார்த்தவர்களில் லிண்டா அக்ரெடோலோ, சூசன் குட்வின் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் முக்கியமானவர்கள். 1980-களில் அக்ரெடோலோவின் மகள் பூவைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிக் காட்டியதிலிருந்துதான் அவர்களுக்கு இதில் ஆர்வம் பிறந்தது.

அதே பூச் சைகையை நான் வீட்டில் முயன்றபோது அத்தை உடனே தடுத்துவிட்டார், சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பார்க்கலாமா என்று. சரி என்று, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூ வைத்துக்கொள்வதுபோல் மாற்றிக்கொண்டோம். அதை வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள், தினமும் காலையில் பாட்டி செய்து பார்ப்பது அதைத்தானே. உங்கள் வீட்டில் நிஜமாக நடக்கிற அசைவிலிருந்து சைகையை எடுத்தால் பாதி வேலை குறையும்.

இதனால் ஐ.க்யூ ஏறும், சீக்கிரம் பேசிவிடும் என்று சைகைப் படக் கார்டு விற்பவர்கள் சொல்வார்கள். நம்பி வாங்காதீர்கள். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 குழந்தைகளை எட்டு மாதத்திலிருந்து இருபது மாதம் வரை தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சைகை பழகிய குழந்தைகளுக்குப் பேச்சில் கூடுதலாக எந்த லாபமும் தெரியவில்லை. ஆனால் சைகை பழக்கிய அம்மாக்கள் குழந்தையின் ஜாடையை அதிகம் கவனித்தார்கள், அதற்கென்று ஒரு மனசு இருப்பதாக நடத்தினார்கள். எங்கள் வீட்டிலும் மாறியது அவளைவிட நாங்கள்தான். அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையையும் பார்க்க ஆரம்பித்தோம்.

எப்போது தொடங்கலாம்? ஆறாம் மாதத்திலேயே காட்ட ஆரம்பிக்கலாம், தப்பில்லை, ஆனால் குழந்தை திருப்பிக் காட்ட எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாதம்கூட ஆகும், அதுவரை சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ஆறு மாதத்தில் நெட்டில் கிடைத்த ஒரு அமெரிக்க சார்ட்டை பிரின்ட் எடுத்து ஃபிரிஜ்ஜில் ஒட்டி, பன்னிரண்டு சைகைகளையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்து, மூன்றாம் வாரம் எது பாலுக்கு, எது குளியலுக்கு என்று எனக்கே குழம்பி, சார்ட்டின் மேல் கேஸ் ரசீதை மாட்டிவிட்டேன். எட்டாம் மாதம் மறுபடி தொடங்கியது மூன்றே மூன்றுடன்: பால், போதும், ஃபேன். உட்கார வைத்தால் உட்காருகிறது, நீங்கள் பார்க்கிற பக்கம் அதுவும் திரும்பிப் பார்க்கிறது, டாடாவுக்குக் கையை ஆட்டப் பார்க்கிறது என்றால் அதுதான் சரியான நேரம்.

மூன்றில் ஒன்று தினமும் பத்து முறை தேவைப்படுவதாக இருக்கட்டும், ஒன்று அழுகையை நிறுத்துவதாக இருக்கட்டும், ஒன்று குழந்தைக்குப் பைத்தியமாகப் பிடித்த ஏதாவது. அந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் முதலில் வருவது அதுதான். நிறையப் பேர் 'ப்ளீஸ்', 'தேங்க்யூ'வில் ஆரம்பிக்கிறார்கள். ஒன்பது மாதக் குழந்தைக்கு மரியாதை எதற்கு? அதற்கு வேண்டியது ஃபேன், காக்கா, பக்கத்து வீட்டு நாய்.

இனி செய்முறை. பாலுக்கு, மாட்டின் மடியில் கறப்பதுபோல் ஒரு கையை மூடி மூடித் திறக்க வேண்டும். இது அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து வந்தது, குழந்தைக் கைக்கு மிகச் சுலபம். போதும் என்பதற்கு இரண்டு உள்ளங்கையையும் வெளிப்பக்கம் திருப்பி விரித்துக் காட்டுவது, நாம் 'காலி, இல்லையே' என்று காட்டுகிற அதே அசைவு. இன்னும் வேண்டும் என்பதற்கு இரண்டு கை விரல்களையும் குவித்து நுனியோடு நுனி தட்டுவார்கள். சாப்பாட்டுக்கு ஐந்து விரலையும் குவித்து வாயருகே, தூக்கத்துக்குக் கன்னத்தில் கை. வலிக்கு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் எதிரெதிரே கொண்டுவந்து முட்டுவது, அதுவும் வலிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்து. எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் உதவியது இதுதான்: பதினான்காம் மாதம் ஒரு ராத்திரி காதுப் பக்கம் விரலை முட்டி முட்டி அழுதாள், காலையில் டாக்டர் காதுக்குள் பார்த்தபோது சிவந்திருந்தது. தண்ணீருக்குக் கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டுவது இயல்பாக வரும், ஆனால் நம் ஊரில் அதே சைகைக்கு இன்னொரு அர்த்தமும் இருப்பது, பெரியப்பா மாமாவெல்லாம் கூடியிருந்த ஒரு விசேஷத்தில் என் மகள் எல்லோரிடமும் போய்க் கட்டை விரலைச் சாய்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. டம்ளர் பிடிப்பதுபோல் வளைத்த கையை வாய்க்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்ளுங்கள், மானம் மிஞ்சும்.

இதற்கென்று பாட நேரம் ஒதுக்கக் கூடாது. அந்த விஷயம் நடக்கிற அந்த நொடியில்தான் சைகை ஒட்டும். ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள், முகத்தைத் திருப்புகிறது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து, கண்ணைப் பார்க்கும்வரை இருந்து, 'போதுமா?' என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே கையை விரித்துக் காட்டுங்கள். அப்புறம் மனசுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். இந்தப் பத்துதான் கஷ்டம், நமக்கெல்லாம் மூன்றிலேயே கை பரபரக்கும். எதுவும் வராவிட்டாலும் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், போதும் என்றால் நிஜமாகவே போதும் என்று அதற்குத் தெரிய வேண்டும். இன்னும் ஒரே ஒரு வாய் என்று திணித்தால் அந்தச் சைகை அன்றைக்கே செத்துவிடும் (எங்கள் வீட்டில் இதில் பாட்டிகள் இருவரையும் மாற்றத்தான் நாளானது). காட்டினால்தான் பால் என்று பணயம் வைப்பதும் கூடாது. பசித்த குழந்தைக்குப் பரீட்சை வைக்காதீர்கள்.

ஃபேனுக்கு நான் செய்தது: சுவிட்ச் பக்கத்தில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பேன், 'ஃபேன்' என்று சொல்லி விரலைச் சுற்றுவேன், போடுவேன், இருவரும் மேலே பார்ப்போம், மறுபடி சுற்றுவேன், அணைப்பேன். தினமும் இரண்டு மூன்று தடவை, ஒரு நிமிஷம். இருபது நாள் ஒன்றுமே இல்லை, ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. முதல் தடவை அவளாகச் சுற்றிக் காட்டியது கரண்ட் போன ஒரு சாயங்காலம். இதைவிடத் தப்பான நேரம் கிடையாது. ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும், கிடைக்காத பொருளைக் கேட்டாலும் கேட்டது புரிந்தது என்று காட்ட வேண்டும். 'ஃபேன் வேணுமா? ஃபேன் போடணுமா? கரண்ட் இல்லையேடா தங்கம்' என்று விரலையும் சுற்றி, கையையும் விரித்தேன். அழத்தான் செய்தாள். ஆனால் அழுதுகொண்டே என்னைப் பார்த்து விரலைச் சுற்றினாள், அது வேறு மாதிரி அழுகை.

சார்ட்டில் இருக்கிறபடி சுத்தமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். விரல் நுனி சேர்வதற்குப் பதிலாகக் கைதட்டும், ஒரு விரலை இன்னொரு உள்ளங்கையில் குத்தும், எதுவானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் சரியான வடிவத்தையே காட்டுங்கள். 'இன்னும்' வந்துவிட்டால் கொஞ்ச நாள் எல்லாவற்றுக்கும் அதையே காட்டும், காக்காவுக்கும், தூக்குவதற்கும். எது கேட்கிறது என்று ஊகித்து அதற்கான சைகையை நீங்கள் காட்டிவிட்டால் தானாகப் பிரிந்துவிடும். கையைப் பிடித்து வளைக்க வேண்டாம். இடது கையால் சாப்பாடு கேட்கிறாள் என்று அத்தைக்குக் கவலை வந்தது, அதையும் திருத்தவில்லை. இரண்டு சைகை நிலைத்தபின் நான்காவது, ஐந்தாவது என்று சேர்த்துக்கொண்டே போகலாம். வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைக் காட்டுவது மட்டும் முக்கியம். நான் வேலைக்குப் போகத் தொடங்கியபோது பகலில் பார்த்துக்கொண்ட அக்கா ஒடிசாக்காரர், தமிழ் அரைகுறை. அவர் 'பானி' என்பார், நாங்கள் 'தண்ணி' என்போம், கை ஒன்றாக இருந்ததால் அவளுக்குக் குழப்பம் வரவில்லை.

வீடியோ போட்டுக் குழந்தையைப் பழக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரையும். வீடியோவை நீங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு உங்கள் கையால் காட்டுங்கள்.

அத்தை முதல் வாரம் சொன்னதை மறைக்கவில்லை: "ஏம்மா, கையால பேசிப் பழக்குனா அப்புறம் வாய்ப்பேச்சே வராமப் போயிடப் போகுது." இந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. சைகையோடு சொல்லையும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லும்வரை பயப்பட ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவதுதான் தப்பு. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை, மழலைச் சத்தம் இல்லை, டாடாவோ சுட்டிக்காட்டுவதோ எதுவும் இல்லை, அல்லது ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை என்றால் சைகையைப் பழக்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டி, முதலில் காது கேட்கும் சோதனை செய்துவிடுங்கள். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்ற ஆறுதலில் மாதங்கள் போய்விடும்.

சார்ட்டுகளில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்கச் சைகை மொழி. நம் நாட்டுக்கு இந்தியச் சைகை மொழி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-ல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021-ல் 10,000 சொற்களைத் தொட்டது. வீடியோக்களாக இலவசமாகக் கிடைக்கிறது. காது கேளாத உறவினரோ அண்டை வீட்டாரோ இருந்தால் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், 'ஊமைப் பாஷை' என்ற சொல்லை மட்டும் வீட்டைவிட்டு வெளியே தள்ளிவிட்டு. ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்: 1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு வழியில்தான் கல்வி என்று தீர்மானம் போட்டு, சைகையைப் பள்ளிகளிலிருந்து விரட்டினார்கள், அந்தப் பிள்ளைகள் பல தலைமுறைகளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்று காது கேட்கும் குழந்தைக்கு அதே சைகையைக் காசு கொடுத்துப் பழக்குகிறோம். உங்கள் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால் இந்தப் பத்துச் சைகை போதவே போதாது, முழு மொழி வேண்டும், அது வேறு வேலை.

சொல் வரவர சைகை தானாக உதிரும். அவள் 'பா' என்று பாலைக் கேட்கத் தொடங்கிய பத்து நாளில் கறக்கிற கையை மறந்துவிட்டாள், எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இப்போது மூன்றரை வயது, வாயை மூடுவதே இல்லை. மிச்சமிருப்பது ஒன்றுதான், நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் காட்டிய அந்தச் சுண்டு விரல். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தபோது, நாலு வரிசை தள்ளி அப்பா மடியில் உட்கார்ந்திருந்தவள் என்னைத் தேடிப் பிடித்துச் சுண்டு விரலை உயர்த்தினாள். அட்சதையைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொட்டிவிட்டு ஓடினேன்.