கீழடி வீடியோ பாத்தாச்சு, அடுத்து அறிக்கைய தேடிப் படிக்கிறது எப்படி?

வாட்ஸ்அப்ல கீழடி 2600 வருஷம் பழசுன்னு ஃபார்வர்டு வரும், யூடியூப்ல இன்னும் நாலு மடங்கு ஏத்தி சொல்லுவாங்க. எது சரின்னு தெரியணும்னா தோண்டினவங்க எழுதின அறிக்கைய எடுத்துப் பாக்கணும், வேற வழி இல்ல. நிறைய அறிக்கை ஃப்ரீயாவே கிடைக்குதுங்க.

1. யார் தோண்டினாங்கன்னு பாருங்க. கீழடில 2014-15ல ஆரம்பிச்சது மத்திய தொல்லியல் துறை, அதாங்க ஏஎஸ்ஐ. முதல் மூணு கட்டம் அவங்க. 2018ல 4-ம் கட்டத்துல இருந்து தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. அதனால 4-ம் கட்ட அறிக்கைய மாநில துறையோட சைட்ல தேடணும், 2019 செப்டம்பர்ல வெளியிட்டாங்க, தமிழ்லயும் இருக்கு.

2. திறந்ததும் காலக்கணிப்பு பகுதிக்கு போங்க. முதல் பக்கத்துல இருந்து படிச்சா தூக்கம் வந்துரும். கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடுங்க, தமிழ் பிடிஎஃப்ல பழைய ஃபான்ட் இருந்தா தேடல் வேலை செய்யாது, அப்போ பொருளடக்கம்தான். கீழடில கிடைச்ச 6 கரித்துண்டு மாதிரிய (சாம்பிள்) வயசு கணிக்க அமெரிக்காவுல மியாமில இருக்குற பீட்டா அனலிடிக் லேபுக்கு அனுப்பினாங்க, அதுல 353 செ.மீ. ஆழத்துல எடுத்தது கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்துல எடுத்தது கி.மு. 205. ஆக அந்த 2600 வந்தது அடில கிடைச்ச ஒரு மாதிரில இருந்து, மேல் அடுக்குல கிடைச்ச பாசிமணிக்கும் அதே வயசுன்னு சொன்னா தப்பு. எந்த ஆழம், எந்த லேப், எத்தனை மாதிரி, இத மூணையும் பாக்காம ஷேர் பண்ணாதீங்க.

3. ஸ்பெல்லிங்க மாத்தி மாத்தி போடுங்க. கீழடிக்கு இங்கிலீஷ்ல ஒருத்தர் இஸட் ஹெச் போடுவாரு, இன்னொருத்தர் வெறும் எல்தான். தூத்துக்குடி மாவட்டத்துல தோண்டின ஆதிச்சநல்லூருக்கு இன்னும் மோசம். கடைசில பிடிஎஃப்னு சேத்துக்கோங்க, நியூஸ் லிங்க் குறையும்.

4. பழசுக்கு ஆர்கைவ் டாட் ஆர்க். ஏஎஸ்ஐல இருந்த அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூர் பொருட்களுக்கு போட்ட 1915 கேட்டலாக், அப்போ ஏஎஸ்ஐ தலைவரா இருந்த வீலர் 1945ல புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல தோண்டினதுக்கு ஏஎஸ்ஐயோட ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ 2-வது இதழ்ல எழுதின கட்டுரை எல்லாம் ஸ்கேன் ஆகி கிடக்கு. இந்தப் பழசுல படமும் பொருள் விவரமும் அருமையா இருக்கும், காலத்த மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க, கரி மாதிரிய வச்சு வயசு கணிக்கிற கார்பன் டேட்டிங் வந்ததே 1940கள் கடைசிலதான். கல்வெட்டு வேணும்னா 1890ல தொடங்கின தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிங்க இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்தயும் ஒரு எட்டு பாருங்க.

5. ஆய்வுக் கட்டுரைக்கு கூகுள் ஸ்காலர். காசு கேட்டா பயப்படாம கீழ இருக்குற ‘ஆல் வெர்ஷன்ஸ்’ அமுக்குங்க, பல நேரம் எழுதினவங்களே ஃப்ரீ காப்பி போட்டிருப்பாங்க. விக்கிபீடியாவுல கட்டுரைய விட அடில இருக்குற மேற்கோள் பட்டியல்தான் நமக்கு சரக்கு.

பழகிப் பாக்க தூத்துக்குடி மாவட்டத்துல தோண்டின சிவகளைய எடுத்துக்கோங்க. 2025 ஜனவரில இரும்போட காலம் கி.மு. 3345ன்னு அரசு அறிக்கை வந்துச்சே, அந்த தேதி எந்த மாதிரிக்கு, எந்த முறைல கிடைச்சதுன்னு நீங்களே தேடிட்டு கமெண்ட்ல போடுங்க.