கண்வலிக் கிழங்கு நடுறவங்க கவனிக்க வேண்டியது

செங்காந்தள்னு சொன்னா நம்ம மாநிலப் பூ, இங்க பழனி மலை அடிவாரத்துல ஒட்டன்சத்திரம் பக்கம் கேட்டா கண்வலிக் கிழங்குன்னுதான் சொல்வாங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம், கொல்சிசின்ங்கிற நச்சுப்பொருள் இருக்கு, அதை வச்சுத்தான் கவுட் மூட்டுவலிக்கு மாத்திரை பண்றாங்க, சித்த மருத்துவத்துலயும் சுத்தி பண்ணாம, அதாவது நஞ்சை முறிக்காம, தொட மாட்டாங்க, அதனால வீட்டு வைத்தியம்னு யாரும் இறங்கிடாதீங்க. குழந்தைங்க, ஆடு மாடு பக்கத்துல வராம பாத்துக்கோங்க.

ஆடி மாசம் வாக்குல நடலாம். கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சு இருக்கும், அதோட நுனியிலதான் முளை வரும், அது ஒடிஞ்சா அந்தக் கிழங்கு வீண், அதனால கூடையில அள்ளிப் போடாம ஒண்ணொண்ணா எடுத்து வைங்க. தண்ணி தேங்குற மண்ணு ஆகாது, அழுகிடும். இலை நுனியே சுருண்டு கொடி மாதிரி பிடிச்சுக்கும், பந்தலோ முள்ளுக்குச்சியோ வேணும்.

பூ பூத்ததும்தான் முக்கியமான வேலை. சூல்தண்டு, அதாவது பூவோட பெண் பாகத்துத் தண்டு, பக்கவாட்டுல மடிஞ்சு மகரந்தத்தை விட்டு விலகி நிக்கும், தானா காய் பிடிக்கிறது கம்மி, அதனால காலையிலயே போய் மகரந்தத்தை எடுத்து அந்தத் தண்டோட நுனியில இருக்குற சூல்முடியில தடவி விடணும், பூவுக்குப் பூ, தினமும், இதுக்குப் பொறுமை இல்லாதவங்க இந்தப் பயிர் பக்கமே வராதீங்க. காய் தோல் சுருங்க ஆரம்பிச்சா பறிச்சு நிழல்ல காய வைங்க, விதை உரிக்கும்போது கையுறை கண்டிப்பா போடுங்க.