துப்பாக்கியை வாரண்டிக்கு வெளிநாடு அனுப்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் பழகும் ஒரு பெண் நீளமான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "அண்ணா, டிரிகர் சரியில்லை. வாரண்டி இருக்கு, கம்பெனிக்கே அனுப்பிடப் போறேன். ஒரு தடவை பார்த்துடுங்க" என்றாள். திறந்தேன். ரைஃபிளின்மேல் தொலைநோக்கி மாட்டியபடியே இருந்தது. இன்வாய்ஸில் ஒரே வரி: விளையாட்டுப் பொருள், மதிப்பு இல்லை.

பல வருடங்களுக்கு முன்னால் நான் அனுப்பிய முதல் பெட்டியும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் சங்கத்துக்காக எத்தனையோ துப்பாக்கிகளை அனுப்பி, திரும்ப வாங்கியிருக்கிறேன். பழுது பார்க்க ஆகும் நாட்கள் எப்போதுமே குறைவு. காகிதத்துக்காகக் காத்திருக்கும் மாதங்கள்தான் ஆளைக் கொல்லும். அதில் பாதித் தாமதத்தை நாமே நம் கையால் வரவழைத்துக்கொள்கிறோம்.

தோட்டாவை எடுத்துவிடுங்கள், பஞ்சு வைத்துப் பொதி கட்டுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் கையில் துப்பாக்கி இருக்கவே கூடாது.

‘விளையாட்டுப் பொருள்’ என்று எழுதுவது

நமக்கு அது விளையாட்டுதான். சுங்கத்துக்கு இல்லை. உலகம் முழுக்கச் சுங்கத் துறைகள் பயன்படுத்தும் பொருள் வகைப்பாட்டில் ஆயுதங்களுக்கென்றே 93ஆம் அத்தியாயம் இருக்கிறது. பிஸ்டலும் ரிவால்வரும் 9302, மற்றத் துப்பாக்கிகள் 9303, காற்றுத் துப்பாக்கி 9304, உதிரிபாகங்கள் 9305. விளையாட்டுச் சாமான்கள் 95ஆம் அத்தியாயத்தில் வருகின்றன. ஸ்கேனரில் துப்பாக்கியின் வடிவம் தெரிந்து, காகிதத்தில் வேறு பெயர் இருந்தால், அதை மறதி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொய் சொல்லிக் கடத்தியதாகத்தான் பார்ப்பார்கள்.

மாடல், காலிபர் (குழலின் உள்விட்டம்), வரிசை எண், ‘வாரண்டி பழுதுக்காக அனுப்பப்படுகிறது, சரியானதும் உரிமையாளருக்கே திரும்பும்’ என்ற வாசகம், உண்மையான மதிப்பு ஆகிய எல்லாமே இன்வாய்ஸில் வேண்டும். வாரண்டியில் இலவசமாகப் பழுது பார்ப்பதால் பொருளின் மதிப்பு பூஜ்யமாகிவிடாது.

தொலைநோக்கியோடு அனுப்புவது

கழற்றி வீட்டில் வையுங்கள். அமெரிக்க விதிகளில் துப்பாக்கித் தொலைநோக்கிக்குத் தனி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு எண்ணே உண்டு, 0ஏ504. போகும்போது சும்மா கூடப் போன பொருள், திரும்பும்போது அதற்கென்று தனிக் காகிதம் கேட்கும்.

‘சின்ன ஸ்பிரிங்தானே’ என்று நினைப்பது

துப்பாக்கியை அனுப்பாமல் உதிரிபாகத்தை மட்டும் வரவழைத்தால் வேலை சுலபம் என்று பலரும் நம்புகிறார்கள். சில சமயம் சுலபம்தான். ஆனால் எந்தப் பாகம் என்பதைப் பொறுத்தது அது. அமெரிக்காவில் சாதாரண விளையாட்டு, வேட்டைத் துப்பாக்கிகளின் ஏற்றுமதிப் பொறுப்பு 2020 மார்ச் 9 முதல் வெளியுறவுத் துறையிடமிருந்து வணிகத் துறைக்குப் போனது. பொறுப்பு கை மாறியதே தவிர, குழல், போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) போன்ற பாகங்களுக்குக் கட்டுப்பாடு போய்விடவில்லை. உள்நாட்டுக் கடையில் கேள்வி இல்லாமல் வாங்கக்கூடிய ஒரு குழல், எல்லையைத் தாண்டும்போது உரிமம் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் குழல், ஃபிரேம், ரிசீவர், ஸ்லைடு, சிலிண்டர், போல்ட் ஆகியவற்றை ‘இன்றியமையாத பாகங்கள்’ என்று துப்பாக்கிக்குச் சமமாகவே வைத்திருக்கிறார்கள். ஓ-ரிங் என்னும் சின்ன ரப்பர் வளையமும் குழலும் ஒரே பொட்டலத்தில் வந்தால், குழலுக்காக ஓ-ரிங்கும் சேர்ந்து கிடங்கில் கிடக்கும். தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

‘புதுசாகவே தந்துவிடுகிறோம்’ என்றதும் சம்மதிப்பது

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்.

என் .22 பிஸ்டலின் ஃபிரேமில், அதாவது மற்றப் பாகங்களைத் தாங்கும் உடற்பகுதியில், ஒரு விரிசல் வந்தது. தலைமுடி அகலம்தான் இருக்கும். விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நகத்தை ஓட்டினால் ஓர் இடத்தில் சிக்கும். வாரண்டி இருந்தது. தயாரிப்பாளர் ஐரோப்பாவில். பழுதுக்கான தற்காலிக ஏற்றுமதி என்று முறையாக எழுதி, வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, முத்திரை வாங்கி அனுப்பினேன். அதுவரை ஒரு பிழையும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது. ஃபிரேமைச் சரிசெய்ய முடியாது, வருந்துகிறோம், அதற்குப் பதிலாகப் புதிய பிஸ்டல் இலவசமாகத் தருகிறோம், சம்மதமா? அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. உடனே சம்மதம் என்று பதில் போட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்பது மாதம் கொடுத்தேன்.

சட்டத்தின் கண்ணில் ஒரு துப்பாக்கியை அடையாளம் காட்டுவது அதன் எண்தான். 2001இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. துப்பாக்கி நெறிமுறையே ஒவ்வொரு துப்பாக்கியிலும் தயாரிக்கும்போதே தனி அடையாளக் குறி பொறிக்கச் சொல்கிறது. அமெரிக்கச் சட்டப்படி ஃபிரேம் அல்லது ரிசீவர் மட்டும் தனியாக இருந்தாலும் அது துப்பாக்கியே. ஆகவே புது எண்ணோடு புது ஃபிரேம் போட்டாலே அது வேறு துப்பாக்கி. மற்றப் பாகம் எல்லாம் பழையது என்று நாம் சொல்வது எடுபடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 258/2012 ஒழுங்குமுறையில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவரின் துப்பாக்கி பழுதுக்காக உள்ளே வந்து, அவருக்கே திரும்பிப் போனால், ஏற்றுமதி அனுமதி தேவையில்லை. ஆனால் எந்தத் துப்பாக்கி வந்ததோ அதே துப்பாக்கி திரும்ப வேண்டும். புதிய பிஸ்டலுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. முழு ஏற்றுமதி அனுமதி வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 60 வேலை நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம்; விதிவிலக்கான காரணம் இருந்தால் 90. வேலை நாட்கள் என்பதைக் கவனியுங்கள். 60 வேலை நாட்கள் என்றால் கிட்டத்தட்ட மூன்று மாதம்.

அந்த விண்ணப்பமே சுலபமாக நகரவில்லை. பொருள் போய்ச் சேரும் நாடு இறக்குமதி அனுமதி கொடுத்துவிட்டதா என்று ஏற்றுமதி அனுமதி தருகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள். என் பக்கத்தில் இறக்குமதி அனுமதி கேட்டால், உன் உரிமத்தில் ஏற்கெனவே ஒரு பிஸ்டல் இருக்கிறதே, அது எங்கே என்றார்கள். அதை நீக்க வேண்டுமானால் அழிக்கப்பட்டதற்குச் சான்று வேண்டும். சான்று கேட்டு எழுதினால், புதியதை அனுப்பிக் கணக்கை முடிக்காமல் பழையதை அழிக்க மாட்டோம் என்று தொழிற்சாலையிலிருந்து பதில். செக்குமாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கடைசியில் பிஸ்டல் வந்து சேர்ந்த அன்று, சுங்க அதிகாரி என் பழைய ஏற்றுமதிப் படிவத்தை மேசைமேல் விரித்து, இலக்கங்களின் அடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே பிஸ்டலைப் பார்த்தார். கடைசி மூன்று இலக்கத்தில் விரல் நின்றது. "நீங்க அனுப்பின துப்பாக்கி இது இல்லையே" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. புதுப் பொருளுக்கான முழு வரியையும் கட்டினேன். வாரண்டியில் இலவசமாகக் கிடைத்த பொருளுக்கு!

என் கோபமெல்லாம் அந்தச் சேவைப் பிரிவின்மேல்தான். வாராவாரம் எல்லை தாண்டிப் பொருள் அனுப்புகிறவர்கள் அவர்கள். பதிலுக்குப் புதியது தந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ‘சம்மதமா’ என்று கேட்ட கடிதத்தில் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஆகவே அனுப்பும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: இதைப் பழுதுதான் பார்ப்பீர்களா? எண் பொறித்த பாகத்தை மாற்ற வேண்டி வந்தால் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்பீர்களா? பழைய பாகத்தை அழித்துவிட்டு அதே எண்ணைப் புதியதில் பொறிக்க உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதா? மாற்றுவதைத் தவிர வழியே இல்லை என்றால், சம்மதம் சொல்வதற்கு முன் இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். பழைய எண்ணையும் அழித்த தேதியையும் குறிப்பிட்ட சான்று தருவார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: அந்த நிறுவனத்தின் பொருட்களை வழக்கமாக இறக்குமதி செய்யும் வணிகர் இருந்தால், அவருடைய அடுத்த சரக்கோடு புதியதை அனுப்பச் சொல்லுங்கள். அவரிடம் உரிமம் ஓடிக்கொண்டிருக்கும்.

பெயர்

உரிமத்தில் உள்ள எழுத்துகள்தான் எல்லாக் காகிதத்திலும். ஒரு இனிஷியல்கூட மாறக்கூடாது.

காற்று உருளை

காற்றுத் துப்பாக்கியில் அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் உருளையைக் காலி செய்து, கழற்றி, காலி என்று எழுதி ஒட்டுங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் அனுப்பவே வேண்டாம், புதியது வாங்குங்கள்.

‘சீசன் முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவது

2023 அக்டோபர் 27 அன்று அமெரிக்க வணிகத் துறை, பெரும்பாலான நாடுகளில் உள்ள அரசு சாராத வாடிக்கையாளர்களுக்குப் புதிய துப்பாக்கி ஏற்றுமதி உரிமங்கள் கொடுப்பதை நிறுத்திவைத்தது. 90 நாள் என்றார்கள். புதிய விதிகள் வந்தது 2024 ஏப்ரல் கடைசியில். அந்த விதிகளும் 2025 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டன. 2023 செப்டம்பரில் தெரிந்த பழுதை நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். விதி இப்படித் திடீரென்று மாறும், உங்கள் சீசனுக்காக நிற்காது.

துப்பாக்கியை உடனே அனுப்ப முடியாவிட்டாலும் புகாரை உடனே பதிவு செய்யலாம். பழுது தெரிந்த அன்றே படம் எடுத்து, வரிசை எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்கிவிடுங்கள். புகார் தந்த தேதியைத்தான் வாரண்டிக்குக் கணக்கில் எடுப்போம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பொருள் எல்லையில் கிடக்கும் நாட்களில் வாரண்டி தேதியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இறங்கி ஏறும் விமானம்

நடுவில் ஒரு நாட்டில் இறங்கினால் அந்த நாட்டின் அனுமதியும் வேண்டியிருக்கலாம். நேராகப் போகும் வழியைக் கேளுங்கள், கட்டணம் கூடுதலானாலும்.

அந்தப் பெண்ணின் பெட்டியிலிருந்து தொலைநோக்கியைக் கழற்றினோம். இன்வாய்ஸை முதலிலிருந்து எழுதினோம். டிரிகர் தனியாகக் கழன்று வரும் வகை என்பதால், அதை மட்டும் அனுப்பினால் போதுமா என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் வரும்வரை பெட்டி சங்கத்துப் பூட்டறையில்தான் இருக்கிறது.