ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைகளை முதலில் தமிழில் பேச விடுங்கள்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபின், வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் தேற்றிவிடும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், ஸ்பெஷல் கிளாஸ் போடுவதற்கு முன்னால் அறிவியல், கணக்கு டீச்சர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் திணறுவது அங்கேதான்.

ஆவியாதல் பாடம் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் துணி ஏன் சீக்கிரம் காய்வதில்லை என்று பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் தமிழிலேயே பேசட்டும். அப்புறம் போர்டில் ‘க்ளோத்ஸ் ட்ரை ஸ்லோலி பிகாஸ்...’ என்று பாதி வாக்கியத்தை எழுதிப் போடுங்கள், மீதியை அவர்களே முடிப்பார்கள். விஷயம் ஏற்கெனவே புரிந்துவிட்டது, இனி மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். போகப்போக நீங்கள் எழுதிக் கொடுக்கும் பகுதியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பிள்ளை நன்றாகப் பேசுகிறதே என்று உதவியைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சு ஆங்கிலம் ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாட ஆங்கிலத்துக்கு 5 முதல் 7 வருடம் வரை ஆகலாம் என்கிறார். 6-ம் வகுப்பில் தொடங்கிய பிள்ளைக்கு 10-ம் வகுப்பிலும் அந்தப் பாதி வாக்கியம் தேவைப்பட்டால் கொடுங்கள்.